மீன் வழக்கும் கெல்சியின் கொண்டையும்

டாமராக் பே, மிச்சிகன்
ஏப்ரல் 24, புதன்கிழமை

என் பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய டோலரஸ் அக்காவுக்கு,

தங்கை மார்லீன் எழுதிக்கொள்வது. அர்னியின் முதுகையும் என் முழங்காலையும் விட்டுவிட்டுப் பார்த்தால் நாங்கள் இருவரும் சுகம். அங்கே நீ, ஃப்ராங்க் அத்தான், புதுப்பெண் கெல்சி, மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா (அந்த அம்மாள் போட்ட கொண்டையைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்) எல்லோரும், என் மேல் உள்ள கோபம் நீங்கலாக, சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீ போனை எடுக்கவில்லை. ஒன்பது முறை போட்டேன். பத்தாவது முறை அத்தான் எடுத்து, "அவ வீட்ல இல்ல மார்லீன்" என்றார். அவருக்குப் பின்னாலிருந்து, "நான் எப்ப வருவேன்னும் தெரியாதுன்னு சொல்லுங்க" என்று உன் குரல் கேட்டது. ஆகவே கடிதம் எழுதுகிறேன். நீ இதைக் கிழித்துப் போட்டாலும் அந்தச் சத்தம் மிச்சிகன் வரை கேட்காது என்பது எனக்கு ஒரு வசதி. ஆனால் கிழிப்பதற்கு முன்னால் படித்துவிடு. பெற்ற பெண்ணைவிட நான் பெரிதாக நினைக்கிற கெல்சியின் கல்யாணத்துக்கு, அவள் தலையைச் சீவி முடிக்க வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, நான் ஏன் வரவில்லை என்பதை நீ என் வாயால் கேட்டே ஆகவேண்டும்.

சம்மன் வந்தது மார்ச் கடைசியில். உறையைப் பார்த்ததும் வரி ஆபீஸ் சமாசாரம் என்று நினைத்து அர்னியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். அவர் பிரித்துப் படித்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக, "எனக்கில்ல, உனக்குத்தான்" என்று என் பக்கம் தள்ளினார். ஏப்ரல் பதினைந்து, திங்கட்கிழமை, காலை எட்டரை மணிக்கு, வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிற ஜூரி வேலைக்குக் கோர்ட்டில் ஆஜராக வேண்டும். கல்யாணமோ அதே வாரம் சனிக்கிழமை. வியாழக்கிழமை காலை விமானத்துக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. முடி சுருட்டும் கம்பி, முத்து வைத்த கிளிப்புகள், கெல்சிக்கென்றே வாங்கிய வெள்ளை ரிப்பன் எல்லாம் பெட்டியில் அடுக்கியாயிற்று. நான் உடனே கோர்ட் ஆபீஸில் இருக்கிற கிளெண்டாவுக்குப் போன் போட்டேன்.

"கிளெண்டா, அந்த வாரம் எனக்குக் கல்யாணம் இருக்குடி" என்றேன்.

"உனக்கா? அர்னிக்கு என்னாச்சு?"

"எனக்கில்லடி, எங்கக்கா பொண்ணுக்கு."

"உன் பொண்ணுன்னா ஏதாவது பண்ணலாம். அக்கா பொண்ணுக்கு ஃபாரத்துல கட்டமே இல்ல. எதுக்கு பயப்படற? ஊர்ல பாதித் தலை உன் கையில. யாரைத் தெரியாதுன்னு சொல்லுவ நீ? உன்னை எவன் ஜூரில உக்கார வைப்பான்? வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போயிடலாம்."

இதைத்தான் நான் நம்பினேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. உனக்குப் போன் செய்தேன், நீ யோசனை சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "தலையை வாராம, கண்ணை உருட்டிக்கிட்டு, பைத்தியம் மாதிரி போய் நில்லு, தானா அனுப்பிடுவாங்க" என்றாய். அக்கா, நான் அதைச் செய்து பார்த்தேன். திங்கட்கிழமை காலை தலை வாராமல் வாசல் தாண்டினேன். முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவை. கோர்ட் கழிவறைக் கண்ணாடியில் என்னையே பார்த்தேன். என் சலூனுக்கு விளம்பரமே என் தலைதான், அது அந்தக் கோலத்தில் ஊர் முழுக்க நடந்து போனால் பிறகு எவள் கடைக்கு வருவாள்? பையில் ஒரு சீப்பு இருந்தது. சத்தியமாக முன்பக்கத்தை மட்டும்தான் சரிசெய்ய நினைத்தேன். ஐந்து நிமிஷத்தில் பின்பக்கமும் முடிந்தது. பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்த பெர்னீஸ் நீமி, அதுதான் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறாளே அவள், "மார்லீன், எனக்கும் பின்னாடி கொஞ்சம் தூக்கி விடேன்" என்றாள். அவளுக்கும் தூக்கிவிட்டேன். ஆகப் பைத்தியம் என்கிற வழி எட்டு இருபத்தைந்துக்கே அடைபட்டுவிட்டது.

முழங்காலைக் காரணம் காட்டலாம் என்று டாக்டர் வோஸைத் தேடினால், மனிதர் எனக்கு முன்வரிசையில், கையில் அதே சம்மனோடு உட்கார்ந்திருக்கிறார். குனிந்து, "டாக்டர், முழங்காலுக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுங்களேன்" என்றேன். அவர் திரும்பாமலே, "எனக்கு யாரு எழுதிக் குடுக்கறது, அதைச் சொல்லு மொதல்ல" என்றார்.

நாற்பது பேர் வந்திருந்தோம். நீதிபதி வெஸ்லி ஹார்ட்விக் வந்து உட்கார்ந்தார். உனக்கு அவரைத் தெரியும், பள்ளிக்கூடத்தில் உனக்கு இரண்டு வகுப்பு முன்னால் படித்தவர். எழுபதை நெருங்கியும் தலையில் ஒரு நரை கிடையாது. "எங்கப்பாவுக்கும் இப்படித்தான், எங்க பரம்பரை வாகு" என்று எல்லா விருந்திலும் சொல்லிக்கொள்வார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற ட்வேன் எழுந்து, "ஐயா, எனக்கு மனுஷங்களையே பிடிக்காது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், போலீஸ், வக்கீல், உங்களையும் சேத்துதான், ஒருத்தரையும் பிடிக்காது. நான் எப்படிங்க நியாயம் சொல்றது?" என்றான். நீதிபதி யோசித்துவிட்டு, "எல்லாரையும் ஒரே அளவுக்கா பிடிக்காது?" என்று கேட்டார். "ஆமாங்க, ஒரே அளவுதான்" என்று பெருமையாகச் சொன்னான். "அதுக்குப் பேருதான் நடுநிலைமை. போய் உக்காருங்க" என்று சொல்லிவிட்டார். உடற்பயிற்சி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற கார்டன் பெல்கி மட்டும், டை கட்டிக்கொண்டு, சீவின பென்சில் நாலு வைத்துக்கொண்டு, தன்னை எடுக்காமல் விட்டுவிடுவார்களோ என்று தவித்துக்கொண்டிருந்தார். எடுத்துவிட்டார்கள். பெர்னீஸையும் எடுத்துவிட்டார்கள். கொண்டையோடு போய் ராணி மாதிரி உட்கார்ந்தாள்.

என் முறை வந்தது. உண்மையே சொல்வதாகக் கையைத் தூக்கிச் சத்தியம் செய்தேன். "இந்த அறையில இருக்கறவங்கள்ல யாரையாவது உங்களுக்குத் தெரியுமா, மிசஸ் கோஸ்கெலா?" என்று நீதிபதி கேட்டதுதான் தாமதம், நான் பொழிய ஆரம்பித்தேன். அரசு வக்கீலம்மாவுக்கு மாதம் ஒருமுறை நுனி வெட்டுவது நான்தான் என்றேன். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஒன்றரை வயதில் முதல் முடி வெட்டியது நான்தான், மேலே அழுது, கீழே நனைத்துத் தீர்த்தான் என்றேன். அந்தப் பிள்ளை காகிதத்தில் முகத்தை மறைத்துக்கொண்டது. குற்றவாளிக் கூண்டு என்று இங்கே தனியாக இல்லை, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார் ரூடி சல்மேலா, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாரே அந்தச் சிடுமூஞ்சி. "அவரையும் தெரியும். எங்க கடை போர்டு அளவுக்கு மேல ரெண்டு அங்குலம் பெருசா இருக்குன்னு டவுன் ஆபீஸ்ல புகார் எழுதிக் குடுத்தவர்" என்றேன்.

"ரெண்டரை" என்றார் ரூடி உட்கார்ந்த இடத்திலிருந்தே.

இனி என்னை அனுப்பாமல் இருக்க முடியுமா? நான் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். "வேற யாரையாவது தெரியுமா?" என்று நீதிபதி வழக்கமாகக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். அக்கா, அங்கேதான் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சத்தியம் செய்திருக்கிறேனே!

"இன்னொருத்தரைத் தெரியுங்க. ஆனா எப்படித் தெரியும்னு இங்க வச்சு சொல்ல முடியாது."

"யாரு அது?"

"நீங்கதான்."

"என்னை ஊர்ல எல்லாருக்கும் தெரியும், மிசஸ் கோஸ்கெலா."

"அப்படி இல்லீங்க. நாலு வாரத்துக்கு ஒருதரம்... திங்கட்கிழமை சாயங்காலம்... கடை லீவு அன்னிக்கு... பின்வாசல் வழியா வருவீங்கல்ல, அப்படித் தெரியும்."

கிளெண்டாவின் தட்டச்சு சட்டென்று நின்றது. டாக்டர் வோஸின் கண்ணாடி கீழே விழுந்தது. "கடவுளே, அர்னி பாவம்" என்று பெர்னீஸ் சொன்னது அறை முழுக்கக் கேட்டது. நான் சொன்னது வெளியே போய் என்ன அர்த்தத்தில் விழுந்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறந்து சரிசெய்யலாம் என்றால் சாயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று பதினோரு வருஷத்துக்கு முன் அவர் கையைப் பிடித்துச் சொன்னவள் நான். வாயை மூடிக்கொண்டு நின்றேன். நின்றது இன்னும் மோசமாகப் போயிற்று.

நீதிபதியின் காது இரண்டும் செக்கச் சிவந்துவிட்டன. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, "கிளெண்டா, இதைப் பதிவு பண்ணும்மா" என்றார். "மிசஸ் கோஸ்கெலா என் தலைக்குச் சாயம் போடறாங்க. பதினோரு வருஷமா. இந்தத் தலை முழுக்க வெள்ளை. எங்கப்பா தலையும் வெள்ளைதான்." ரூடி சல்மேலா மட்டும் சிரித்தார். அந்த மனிதருக்குச் சிரிக்க வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சரி, இனிமேலாவது அனுப்புவார் என்று பார்த்தால், நீதிபதி இரண்டு வக்கீல்களையும் பார்த்து, "இந்தம்மாவ ஜூரில வைக்க ஆட்சேபணை உண்டா?" என்றார். வக்கீலம்மா எழுந்து, "பதினோரு வருஷம் ஒரு ரகசியத்தைக் காப்பாத்தினவங்க. எங்களுக்கு முழுச் சம்மதம்" என்றாள். நான் முடி வெட்டி வளர்த்த பிள்ளையும் எழுந்து, "எங்களுக்கும்தான்" என்றது. கல்யாணம் இருக்கிறது என்று கத்தினேன், அக்கா. நிஜமாகவே கத்தினேன். "புதன்கிழமைக்குள்ள முடிஞ்சிடும், உங்க விமானம் வியாழக்கிழமைதானே?" என்றார் நீதிபதி. இந்த ஊரில் ஒரு விஷயம் எப்போது முடியும் என்று யாரும் சொல்லவே கூடாது.

வழக்கு என்னவென்று கேள். ஏரிக்கரையில் தூண்டில் கடை வைத்திருக்கிறாரே செட் பிரானிகன், அவர் கடைக் கூரைமேல் எட்டடி நீளத்தில் ஃபைபரில் செய்த ஒரு ட்ரவுட் மீன் நிற்குமே, அது ஜனவரிப் புயலில் காணாமல் போய்விட்டது. ஊர் முழுக்க நோட்டீஸ். செட் ரேடியோவில் அழுதார். பதினோரு வாரம் கழித்து, எரிவாயு போட வந்த ஆள் ரூடியின் கொட்டகையில் தார்ப்பாய்க்கு வெளியே ஒரு வால் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து ஷெரீஃபிடம் சொல்லிவிட்டான். திருட்டு வழக்கு. நிரூபணமானால் சிறை, சிறை இல்லாவிட்டாலும் பஸ் வேலை கட்டாயம் போய்விடும் என்று ஊரே பேசிக்கொண்டது. ஊர் செட்டின் பக்கம். மீன்பிடிப் போட்டி நடத்துவது அவர், பரிசு கொடுப்பது அவர், எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவது அவர். ரூடியின் பக்கம் ரூடிகூட இருந்தாரா என்று எனக்குச் சந்தேகம்தான். செவ்வாய்க்கிழமை சாட்சி சொல்ல ஏறினார். வக்கீலம்மா கேட்டாள்:

"மீனை நீங்க எடுத்தீங்களா, இல்லையா?"

"எடுக்கல. காத்துல பறந்து என் வயல்ல வந்து விழுந்துச்சு. கொட்டகைக்குள்ள இழுத்துப் போட்டேன்."

"போட்டுட்டு ஏன் செட்கிட்ட சொல்லல?"

"அவன் என்கிட்ட கேக்கல."

"ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்துதே!"

"ஊரெல்லாம் ஒட்டினான். என் வீட்டு கேட்ல மட்டும் ஒட்டல. அவ்வளவு ரோஷம் அவனுக்கு."

இரண்டு பேரும் பேசி ஒன்பது வருஷம் ஆகிறதாம். ஒரு போட்டியில் ரூடி பிடித்த மீனைச் செட் அரை அங்குலம் குறைத்து அளந்துவிட்டாராம். இப்படிப் பேசினால் யார் நம்புவார்கள்? மீனின் போட்டோக்களை எங்கள் கையில் கொடுத்தார்கள், சுற்றி வந்தன, ட்வேன் பார்க்காமலேயே அடுத்தவருக்குத் தள்ளினான். புதன்கிழமை மதியம் சாட்சிகள் முடிந்தன. கேட்பது ஏழு பேர், தீர்ப்புச் சொல்வது ஆறு பேர்தான். ஒருவர் இடையில் நோய்வாய்ப்பட்டால் உதவட்டும் என்று உபரியாக வைப்பது. அந்த உபரியைச் சீட்டுக் குலுக்கி அனுப்பினார்கள். சீட்டில் வந்த பெயர் ட்வேன். எங்கள் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல், தொப்பியைக்கூட எடுக்காமல் ஓடிப்போனான். நான் மாட்டிக்கொண்டேன். என் அதிர்ஷ்டம் உனக்குத் தெரியாததா?

"திருப்பித் தரும் எண்ணமே இல்லாம வச்சிருந்தாதான் அது திருட்டு. அந்த எண்ணம் சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபணம் ஆகியிருக்கணும்" என்று நீதிபதி எங்களுக்கு விளக்கிச் சொல்லி, மூன்று மணிக்கு ஒரு சின்ன அறையில் போட்டுக் கதவைச் சாத்தினார். கார்டன் பெல்கி யாரும் கேட்பதற்கு முன்பே தலைவரானார். "அஞ்சு நிமிஷ வேலை. எல்லாரும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதுங்க" என்றார். பிரித்தார். ஐந்து சீட்டில் குற்றவாளி. ஒன்றில் இல்லை.

"யாரு இது?" என்று விசில் ஊதுகிற குரலில் கேட்டார்.

"நான்தான்னு நினைக்கிறேன்" என்றேன்.

அக்கா, என் தொழில் உனக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷமாக நான் யாரையும் மறுத்துப் பேசியதில்லை. நெற்றியில் முடி வெட்டிக்கொண்டால் குதிரை மாதிரி இருக்கும் முகத்துக்கும், "ஆமா கண்ணு, உனக்கு எடுப்பாத்தான் இருக்கும்" என்றுதான் சொல்லியிருக்கிறேன். பத்து மணிக்கு மாமியார் பக்கம் நியாயம் என்பேன், பதினொரு மணிக்கு மருமகள் பக்கம் நியாயம் என்பேன். இப்போது ஐந்து பேர் என்னையே பார்க்கிறார்கள். கையில் சீப்பு இல்லை, கத்தரி இல்லை, கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

"ரூடிய உனக்குப் பிடிக்குமா மார்லீன்?" என்றாள் பெர்னீஸ்.

"சுத்தமாப் பிடிக்காது."

"அப்புறம் என்ன? வெள்ளிக்கிழமை சர்ச்ல மீன் வறுக்கணும். மாவு கரைக்கிறது என் பொறுப்பு. சீக்கிரம் கையெழுத்தப் போடு."

"அந்தப் போட்டோவ இன்னொரு தடவை பாக்கணும்" என்றேன். அன்றைக்கு நேரமாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை என் விமானம் நான் இல்லாமல் கிளம்பும்போது, நாங்கள் ஆறு பேரும் அதே அறையில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த பாஸ்டி தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம். விமானச் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது.

போட்டோ வந்தது. ஒன்று, போன கோடையில் கூரைமேல் இருந்த மீன். இன்னொன்று, கொட்டகையில் எடுத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். "இந்தச் சிவப்பைப் பாருங்க" என்றேன். பழைய போட்டோவில் மீனின் வயிற்றில் செட்டின் கடைப் பெயரும் போன் நம்பரும் வெளுத்துப்போய் பாதி எழுத்து தெரியவே இல்லை. கொட்டகை போட்டோவில் பளிச்சென்று இருக்கிறது. சாயம் என்றால் எனக்குத் தெரியாதா? அது புதுச் சிவப்பு. "இது வெளிச்சத்துல அப்படித் தெரியுது" என்றார் கார்டன். அப்படியானால் மீனையே பார்க்கிறோம் என்று நீதிபதிக்குச் சீட்டு எழுதி அனுப்பினேன். நானா எழுதினேன் என்று இப்போதும் நம்ப முடியவில்லை.

மீன் கோர்ட் அறைக்குள் நுழையாது என்று அடித்தளத்தில், பழைய நாற்காலிகளோடு கிடத்தியிருந்தார்கள். காவலர் முன்னே போக, வரிசையாக இறங்கினோம். மேல் கூரையில் பார்த்தபோது சின்னதாக இருந்தது, கிட்டத்தில் பார்த்தால் ஒரு படகு. குனிந்தேன், முழங்கால் சத்தம் போட்டது. எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்த கோடு. உடைந்த துடுப்பை ஒட்டி, தேய்த்து, அதே பச்சையைக் கலந்து பூசியிருக்கிறது. கலந்த பச்சையைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பொறாமை வந்தது. பெர்னீஸ் சுற்றிச் சுற்றி வந்தாள். திடீரென்று நின்றாள்.

"ஏம்ப்பா, திருடின பொருள் மேல எவனாவது சொந்தக்காரன் பேரைப் புதுசா எழுதுவானா?"

சாயங்காலத்துக்குள் நாங்கள் ஐந்து பேர் ஒரு பக்கம், கார்டன் ஒரு பக்கம். "கிண்டல் பண்ண எழுதியிருப்பான்" என்றார். "ஒன்பது வருஷத்துல ஒரே ஒரு தடவை சிரிச்ச மனுஷன், கொட்டகைக்குள்ள தனியா உக்காந்து தனக்குத் தானே கிண்டல் பண்ணிப்பானா?" என்றேன். அக்கா, எனக்கு எப்படி இவ்வளவு பேச்சு வந்தது என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை பதினொரு மணி வரைக்கும் கார்டன் அசையவில்லை. கடைசியில் செட்டின் நோட்டீஸை எடுத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்த போன் நம்பரைத் தன் பென்சிலால் ஒவ்வொரு எண்ணாக மீனின் போட்டோக்களோடு ஒப்பிட்டார். பழைய மீனில் இருந்தது கடையின் பழைய போன் நம்பர். போன இலையுதிர் காலத்தில் செட் நம்பரை மாற்றிவிட்டார். ரூடி எழுதியிருந்தது புது நம்பர். பகையாளியின் புது நம்பரைத் தேடிப் பிடித்து, மீன் வயிற்றில் வெள்ளை ஓரம் போட்டு எழுதியிருக்கிறது அந்த ஜன்மம். கார்டன் பென்சிலைக் கீழே வைத்து, "நான் கண்டுபிடிச்சுட்டேன்" என்றார். மொத்தத்தையும் கண்டுபிடித்தது தான்தான் என்று இன்று வரை கடைக்குக் கடை சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும்.

குற்றவாளி அல்ல என்று தீர்ப்பு வாசித்ததும் செட் எழுந்து, "அப்போ மீனை அவனையே கொண்டாந்து வைக்கச் சொல்லுங்க" என்றார். "அவனையே வந்து எடுத்துக்கச் சொல்லுங்க" என்றார் ரூடி. இரண்டு பேரும் போகாததால் மீன் இன்னும் கோர்ட் அடித்தளத்தில்தான் கிடக்கிறது. கிளெண்டா அதன்மேல் கோட்டு மாட்டுகிறாளாம். நான் தாழ்வாரத்தில் ரூடியை நிறுத்தி, "பெயிண்ட் அடிச்சத ஏங்க நீங்க வாயத் தொறந்து சொல்லல?" என்று கேட்டேன். "யாரும் கேக்கல" என்றார். நன்றி சொல்வாரோ என்று நின்றேன். "ஒரு மீனுக்கு ரெண்டு நாளா உள்ள என்னத்தப் பேசினீங்க? என் பஸ்ஸ எவனோ ஓட்டிட்டிருக்கான், கியரை உடைச்சிருப்பான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வாசல் வரை போனவர் திரும்பி, "உங்க போர்டு அப்படியே இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை விமானம் நிரம்பியிருந்தது. சனிக்கிழமை விமானம் கல்யாணம் முடிந்த பிறகுதான் வந்து சேரும். காரிலேயே போகலாம் என்று அர்னி சொன்னார், அவர் முதுகு அதைக் கேட்டுவிட்டு அன்று முழுக்கப் படுத்துக்கொண்டது. கெல்சி அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மா ஆசையாகப் போட்ட கொண்டை, நான் குறை சொல்லக் கூடாது, ஆனால் அது இடது பக்கமாக எங்கேயோ கிளம்பிப் போகிற மாதிரி இருக்கிறது. இருந்தாலும் அதற்குக் கீழே பிள்ளை சிரிக்கிற சிரிப்பில் யாருக்குக் கொண்டை தெரியும்? நான் பத்து தடவை பார்த்தேன். எட்டு தடவை அழுதேன். இரண்டு தடவை கொண்டையைப் பார்த்தேன்.

ஆகவே அக்கா, நடந்தது இதுதான். என் கையில் எதுவும் இல்லை. சட்டம் பிடித்து உட்கார வைத்தால் ஒரு பெண்பிள்ளை என்ன செய்வாள்? உனக்கும் அத்தானுக்கும் என் வணக்கம். மணமக்கள் இருவரும் சண்டை போட்டாலும் அன்றன்றைக்கே பேசிவிடுகிறவர்களாக, நீடூழி வாழக் கடவுள் அருளட்டும். அர்னி தன் அன்பைச் சொல்லச் சொன்னார், படுத்தபடியே.

என்றும் உன் பிரியமுள்ள தங்கை,
மார்லீன் கோஸ்கெலா

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு மறுபடியும் பிரித்தேன். சத்தியம் செய்த கை இன்னும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. புதன்கிழமை சீட்டுக் குலுக்குவதற்கு முன்னால் நீதிபதி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மார்லீன், நீங்க கல்யாணத்துக்குப் போகணும்னு சொன்னீங்கல்ல, ரெண்டு வக்கீலும் ஒத்துக்கிட்டாங்க. சீட்டே வேணாம். உங்களையே உபரின்னு எழுதிடறேன், கிளம்புங்க" என்றார். நான் கைப்பையைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் அந்தச் சிவப்பை நான் செவ்வாய்க்கிழமையே பார்த்துவிட்டேன், அக்கா. வேறு யாரும் பார்க்கவில்லை. நான் போனால் அதுவும் என்னோடேயே போய்விடும். "வேணாங்க, எல்லாருக்கும் மாதிரி எனக்கும் சீட்டுப் போடுங்க" என்று என் வாய் சொன்னது. ட்வேன் பெயர் வந்தபோது அவனைவிட எனக்குத்தான் நிம்மதியாக இருந்தது. கெல்சியிடம் நானே சொல்கிறேன், நீ சொல்லாதே. என்னைத் திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் போனில் திட்டு.